புரோக்கர் இல்லாமல் வீடு விற்றோம்: அந்தச் சேவைக்கு எத்தனை மார்க்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. உரிமையாளரே நேரடியாக வீடு விற்க உதவுகிறோம் என்று சொல்லும் ஓர் இணையச் சேவைக்குப் பணம் கட்டி, அப்பா அம்மாவுக்குப் பிறகு எங்கள் பெயருக்கு வந்த வீட்டை நானும் என் தங்கையும் விற்று முடித்தோம். வீடு நியாயமான விலைக்குப் போனது, கமிஷன் மிச்சமானது, வாங்கிய குடும்பத்தோடு இன்றைக்கும் நல்ல பழக்கம் இருக்கிறது. அப்படியிருந்தும் முழு மார்க் போட மனம் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் நமக்குக் கொடுப்பது விளம்பரம் மட்டும்தான், முகப்பில் எழுதியிருப்பதோ "உங்கள் வீட்டை விற்றுத் தருகிறோம்". விளம்பரம் போட்டதற்கும் வீடு விற்றதற்கும் நடுவில் ஒரு பெரிய வேலை இருக்கிறது, அது முழுக்க நம் தலையில்தான் விழுகிறது. அந்த வேலை என்னென்ன என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுகிறவர்களுக்கு இது அருமையான சேவை. தெரியாமல் கட்டினால் பாதி வழியில் கோபம் வரும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சேவையின் பெயரைப் போடவில்லை, இந்த வகைச் சேவைகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன, நான் சொல்வது எதைத் தேர்ந்தெடுத்தாலும் பொருந்தும்.

பணம் எப்படி வாங்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம், மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. தரகர் என்றால் விற்ற விலையில் இத்தனை சதவீதம், விற்றால்தான் அவருக்குக் காசு. இந்தச் சேவைகளில் ஒரு நிலையான கட்டணம், அதை முன்கூட்டியே கட்ட வேண்டும், வீடு விற்றாலும் சரி விற்காவிட்டாலும் சரி அது திரும்பி வராது. பார்த்தவுடன் நிலையான கட்டணம்தான் மலிவு என்று தோன்றும், மலிவுதான். ஆனால் இரண்டு முறைக்கும் தனித்தனியாக ஒரு கோளாறு இருக்கிறது.

தரகர் முறையில் என்ன கோளாறு? விலை கொஞ்சம் கூடினால் அந்தக் கூடுதலில் பெரும்பங்கு உரிமையாளருக்கு, தரகருக்கு அதில் ஒரு சின்னத் துளி. அந்தத் துளிக்காக இன்னும் இரண்டு வாரம் காத்திருந்து, இன்னும் பத்து பேருக்கு வீட்டைக் காட்ட அவருக்கு என்ன அவசரம்? "வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள், மார்க்கெட் டல்லாக இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடுவதுதான் அவருக்கு லாபம். இது என் சந்தேகம் மட்டும் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பகுதியில் நடந்த சுமார் 1,00,000 வீட்டு விற்பனைகளை எடுத்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலை பெறுகிறார்கள். வாடிக்கையாளரின் வீட்டுக்கு இல்லாத பொறுமை சொந்த வீட்டுக்கு வந்துவிடுகிறது. எல்லாத் தரகர்களும் மோசம் என்று நான் இதைச் சொல்லவில்லை, கூலி கொடுக்கும் முறையே அப்படி அமைந்திருக்கிறது.

நிலையான கட்டணத்தில் இதற்கு நேர் எதிரான கோளாறு. பணம் கையில் வந்துவிட்டது, இனி வீடு விற்றால் என்ன விற்காவிட்டால் என்ன? எங்கள் அனுபவத்தில் பணம் கட்டும் நாள் வரைக்கும் போன் மேல் போன், கட்டிய பிறகு ஒரு கேள்விக்குப் பதில் வர நாள் கணக்கில் ஆனது. பிரிட்டனில் பர்பிள்பிரிக்ஸ் என்றொரு நிறுவனம் இந்த நிலையான கட்டண முறையை வைத்து 2014-இல் தொடங்கிப் பிரமாதமாக வளர்ந்தது. அங்கே உள்ளூர் முகவர் ஒருவர் உண்டு, ஆனால் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் என்ற அடிப்படை இதேதான். ஆஸ்திரேலியாவுக்குள் போய் 2019-இல் வெளியே வந்தார்கள், 2023-இல் மொத்த வியாபாரமும் வெறும் 1 பவுண்டுக்கு இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. ஒரு காலத்தில் பங்குச் சந்தையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் அது. அதன் சரிவுக்குக் காரணங்கள் பல. ஆனாலும் அந்த முறையைப் பற்றி விற்பவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்வி, விற்காத வீட்டுக்கும் ஏன் காசு என்பதுதான். எனவே சேவையில் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கட்டணத்தில் ஒரு பகுதியையாவது விற்ற பிறகு வாங்கிக்கொள்வீர்களா? எங்கள் சேவையில் அந்த வசதி இல்லை. இருக்கும் சேவை கிடைத்தால், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அதையே எடுங்கள்.

சரி, என்ன நன்றாக இருந்தது? புகைப்படம். இதற்கு மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து போடுவேன். அனுப்பிய புகைப்படக்காரர் வந்தவுடன் கேமராவை வெளியே எடுக்கவில்லை, ஒவ்வோர் அறையிலும் வெளிச்சம் எந்த நேரத்தில் எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டு, சமையலறையைக் காலையிலும் முன்னறையை மாலையிலும் எடுத்தார். அறையை அகலமாகக் காட்டும் லென்ஸை ரொம்பவும் பயன்படுத்த மாட்டேன், நேரில் வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும் என்றார். அது எவ்வளவு சரியான பேச்சு என்று பிறகு புரிந்தது. படத்தில் மண்டபம் மாதிரி தெரிந்த அறை நேரில் சின்னதாக இருந்தால், வருகிறவரின் முகம் வாசலிலேயே மாறிவிடும், அதன் பிறகு அவர் நல்லதையும் நல்லதாகப் பார்க்க மாட்டார்.

படங்களோடு தரைப்படமும் போட்டுக் கொடுத்தார்கள், எந்த அறை எங்கே, நீள அகலம் எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று. விளம்பரத்தில் இதைப் போன்ற உதவி வேறு இல்லை. சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள், ஏனென்றால் தங்கள் கட்டில் நுழையாது, மூன்றாவது படுக்கையறை போதாது என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். பரப்பளவைச் சொல்லும்போது எந்தப் பரப்பளவு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சுவர்களுக்குள் நாம் புழங்கும் இடம் ஒரு கணக்கு, சுவரின் கனத்தையும் சேர்த்தால் இன்னொரு கணக்கு, அடுக்குமாடி என்றால் மாடிப்படி, லிப்ட் இதெல்லாம் சேர்த்த பொதுப் பங்கு வேறு. பெரிய எண்ணைப் போட்டு ஆளை இழுக்கலாம் என்று தோன்றும், நேரில் அளந்து பார்க்கிறவர் ஒருவர் வந்தால் நம் மேல் இருக்கும் நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

படம் எடுக்கும் முன் சுவரில் இருந்த குடும்பப் படங்களையும், சாவிக் கொத்தையும், மேஜை மேல் கிடந்த பில், கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டோம். வீட்டின் உள்ளே என்னென்ன இருக்கிறது, எந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்பதெல்லாம் ஊருக்கே தெரியும்படி போடுகிறோம் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

அடுத்தது விலை. இங்கேதான் சேவை ரொம்ப ஏமாற்றியது. முகவரி, பரப்பளவு, எத்தனை அறை என்று போட்டால் கம்ப்யூட்டரே ஒரு விலையைச் சொல்லும் கருவி வைத்திருக்கிறார்கள். சொன்ன எண்ணைப் பார்த்து என் தங்கைக்கு ஒரே சந்தோஷம், எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கருவிக்கு எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஈரம் ஊறுவது தெரியாது, பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பி மாலை வெளிச்சத்தை மறைத்துவிட்டது தெரியாது, அதேபோல் தெருவிலேயே எங்கள் கிணற்றில் மட்டும் தண்ணீர் வற்றாது என்பதும் தெரியாது. பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஜில்லோ என்ற வீட்டு விளம்பரத் தளம் 2006-இலிருந்து வீடுகளுக்குத் தானியங்கி மதிப்பீடு சொல்லி வருகிறது. பிறகு கணிப்புகளை நம்பி வீடுகளைத் தானே வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கியது. விலை எப்படிப் போகும் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது, ஊழியர்களில் கால்வாசிப் பேரை அனுப்ப வேண்டி வந்தது. அத்தனை தரவு வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு விளம்பரச் சேவையின் இலவசக் கருவியை நம்பி விலை வைக்கலாமா?

நாங்கள் தனியாக ஒரு மதிப்பீட்டாளரை வரவழைத்தோம். வங்கிகளுக்கு வேலை செய்கிறவர், வீட்டைப் பார்க்கக் காசு வாங்கினார், விற்பனையில் அவருக்குப் பங்கு எதுவும் கிடையாது. அந்த ஒன்றுக்காகவே அவர் சொன்னதை நம்ப முடிந்தது. எழுத்தில் ஓர் அறிக்கை கொடுத்தார், நிலத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, வயதுக்காகக் கழித்தது இவ்வளவு என்று. வாங்க வருகிறவர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது அந்தக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தால் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது.

விலை விஷயத்தில் இன்னும் ஒன்று. விளம்பரங்களில் பார்ப்பது கேட்கும் விலை, அது ஒவ்வொருவரின் ஆசை. உண்மையில் கைமாறிய விலை என்ன என்று பத்திரப் பதிவுகள் வழியாகவும், சமீபத்தில் விற்றவர்களிடம் நேரிலும் விசாரியுங்கள். ஆசைப்பட்டு ஏற்றி வைத்துவிட்டு அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு நேரடி விற்பனையில் ரொம்ப ஆபத்து. புதிதாக விளம்பரம் வந்த நாட்களில்தான் நிஜமாக வாங்கும் எண்ணத்தில் தேடிக்கொண்டிருக்கும் கூட்டம் முழுக்க அதைப் பார்க்கும், அந்தக் கூட்டம் ஒருமுறை "இது அதிகம்" என்று கடந்து போய்விட்டால் திரும்பி வராது. பல வாரம் ஒரே இடத்தில் கிடக்கும் விளம்பரத்தைப் பார்த்தால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

இனி போன் கால்கள். விளம்பரம் வெளியான அன்றே மணி அடிக்க ஆரம்பித்தது, முதலில் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை தரகர்கள்தான். "என்னிடம் ரெடி பார்ட்டி இருக்கிறது, நாளைக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்பார்கள், கூடவே கமிஷன் பேச்சு வரும். சிலர் தங்களை வாங்குபவர் என்றே சொல்லிக்கொண்டு வந்து வீட்டைப் படம் எடுத்துப் போய், தங்கள் பெயரில் வேறு விலைக்கு விளம்பரம் போட்டார்கள். ஒரே வீடு இரண்டு விலையில் தெரிந்தால் வாங்குபவருக்கு நம் மேல்தான் சந்தேகம் வரும். இதைச் சேவைக்குத் தெரிவித்தால், வெளித்தளங்களில் வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அதற்கு ஓர் அரை மார்க் குறைத்தேன்.

தரகர் வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டுக்கும் வாங்குபவர் தன் சார்பில் ஒரு தரகரோடு வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அவருக்கு யார் காசு கொடுப்பது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிட வேண்டும். அமெரிக்காவில் விற்பவரே இரண்டு பக்கத் தரகருக்கும் கொடுப்பதுதான் நெடுங்கால வழக்கமாக இருந்தது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்து, தேசிய தரகர் சங்கம் 2024-இல் சமரசத்துக்கு வந்தது, அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து வாங்குபவரின் தரகர் தன் கூலியைத் தன் வாடிக்கையாளரோடு முன்கூட்டியே எழுதிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஆனது. நாம் எங்கே இருந்தாலும் அந்த ஏற்பாடு நல்ல முன்மாதிரி. "உங்களைக் கூட்டி வந்தவரின் கூலி உங்களுடையது" என்று நாங்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எண்ணை மறைத்துக் கொடுக்கும் வசதி சேவையில் இருந்தது. நம் சொந்த எண் யாருக்கும் தெரியாது, அழைப்பு அவர்கள் வழியாக வரும், வேண்டாதவரைத் தடுத்துவிடலாம். அற்புதமான வசதி, இதற்காகவே பணம் கட்டலாம் என்பேன். ஆனால் "சரிபார்க்கப்பட்ட வாங்குபவர்" என்று ஒரு பச்சை முத்திரை போடுகிறார்களே, அதை நம்பாதீர்கள். கேட்டுப் பார்த்ததில், போனுக்கு வந்த ரகசிய எண்ணை அவர் சரியாகப் போட்டார் என்பதுதான் அந்தச் சரிபார்ப்பு. அவரிடம் பணம் இருக்கிறதா, வங்கிக் கடன் கிடைக்குமா, அவர் பெயர் அதுதானா என்பதற்கும் அந்தப் பச்சைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை, முத்திரையைப் பார்த்து ஒருவர் பத்திர நகலை அனுப்பிவிட்டால் பிறகு யார் பொறுப்பு?

ஏமாற்றுக்காரர்கள் நேரடி விற்பனையைத் தேடி வருவார்கள், நடுவில் அனுபவப்பட்ட ஆள் யாரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்புகிறேன் என்பார்கள். தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பார்கள், நாம் அனுப்பிய பிறகு அவர்கள் கொடுத்த காசோலை திரும்பிவிடும். பத்திரத்தையும் அடையாள அட்டையையும் நகல் வாங்கிக்கொண்டு போய், உரிமையாளர் மாதிரி நடித்து அதே வீட்டை வேறொருவருக்கு விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. நாங்கள் வைத்துக்கொண்ட விதி இதுதான்: நேரில் வந்து வீட்டைப் பார்த்து, விலை பேசி, வழக்கறிஞர் பெயரைச் சொல்லும் வரை எந்தக் காகிதமும் வெளியே போகாது, போனாலும் நகலின் குறுக்கே யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதித்தான் போகும். வீட்டைக் காட்டும்போது எப்போதும் இரண்டு பேர் இருந்தோம், பகல் நேரத்தில் மட்டும்.

வாங்க வருகிறவர்களோடு நேரடியாகப் பேசுவது எப்படி இருக்கும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். நடுவில் ஆள் இருந்தால் இரண்டு பக்கமும் பாதி உண்மைதான் போய்ச் சேரும். நாங்கள் பின்சுவர் ஈரத்தை விளம்பரத்திலேயே எழுதிவிட்டோம், எந்த மாதத்தில் வரும், எதுவரை ஏறும், என்ன மருந்து அடித்துப் பார்த்தோம் என்பது வரை. தெரிந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ஆனால் வாங்கிய குடும்பம் சொன்னது, அந்த ஒரு வரியைப் படித்துத்தான் வந்தோம், குறையைச் சொல்கிறவர் மற்றதிலும் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தோம் என்று. அவர்கள் தங்கள் பொறியாளரை அழைத்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, சரிசெய்ய ஆகும் செலவைக் கணக்கிட்டு விலையில் கழித்தார்கள், நாங்களும் ஒத்துக்கொண்டோம். தெரிந்த குறையை மறைத்து விற்றால் பல நாடுகளில் அது சட்டப்படியே வழக்குக்கு இடம் கொடுக்கும், எழுத்தில் சொன்ன குறையை வைத்துப் பிறகு நம்மை இழுப்பது கஷ்டம். இதை மனதாரச் சொல்கிறேன், மறைக்காதீர்கள்.

கஷ்டமான பகுதியும் உண்டு. நாம் வளர்ந்த வீட்டைப் பார்த்து ஒருவர் "இதை எல்லாம் இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்" என்று நம் முகத்துக்கு நேரே சொல்வார். அம்மா ஆசையாகப் போட்ட பூஜை அலமாரியை இன்னொருவர் காலால் தட்டிப் பார்ப்பார். தரகர் இருந்தால் இந்தப் பேச்செல்லாம் அவரோடு நின்றுவிடும், நம் காதுக்கு வராது, அவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி அதற்கும்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. எனக்குச் சட்டென்று கோபம் வரும், என் தங்கைக்கு வராது, அதனால் விலைப் பேச்சு முழுவதையும் அவள் நடத்தினாள். போனில் விலை பேச மாட்டாள், "வந்து பாருங்கள், பிடித்தால் பேசலாம்" என்று முடித்துவிடுவாள். நேரில் எவ்வளவு நல்ல விலை சொன்னாலும் உடனே தலையாட்ட மாட்டாள், "அண்ணனிடம் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பாள். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வீடு விற்கும் என்பது எங்களுக்கு நல்ல கவசமாக இருந்தது. தனியாக விற்கிறவர்கள்கூட முடிவு சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விற்பனை கைகூடி வந்து நழுவியது. விலை ஒத்துப்போய்விட்டது, ஆனால் அவருடைய வங்கி தன் சார்பில் செய்த மதிப்பீடு எங்கள் விலையைவிடக் குறைவாக வந்தது, கடன் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும், மீதிக்கு அவரிடம் பணம் இல்லை. யார் மேலும் தப்பு இல்லை. கடனில் வாங்குகிறவராக இருந்தால், வங்கி எவ்வளவு தருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது, கையில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதை விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நிஜமாக வாங்கப்போகிறவர் தயங்காமல் சொல்வார்.

காகித வேலைக்கு வருவோம். "சட்டப்படி தயாரான ஒப்பந்த மாதிரி" என்று சேவை ஒரு கோப்பு கொடுத்தது, கட்டணத்தில் அதுவும் சேர்த்தி. எங்கள் வழக்கறிஞர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார். வாரிசுகள் இருவர் விற்கிறார்கள் என்பதற்கே அதில் இடம் இல்லை. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும், விற்பவர் பின்வாங்கினால் என்ன, வாங்குபவர் பின்வாங்கினால் என்ன, சாவி எந்த நாளில், அதுவரை வீட்டு வரியும் மின்கட்டணமும் யார் கட்டுவது, மின்விசிறி, அலமாரி, தண்ணீர் மோட்டார் இதெல்லாம் விலைக்குள் அடங்குமா, எதுவும் இல்லை. இதெல்லாம் சண்டை வரும் இடங்கள். வழக்கறிஞர் எழுதிய ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது இருந்தது. தரகருக்குக் கொடுக்காத காசில் ஒரு சின்னப் பங்கை எடுத்து நல்ல சொத்து வழக்கறிஞருக்குக் கொடுங்கள், இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

விளம்பரம் போடும் முன்பே அவரிடம் போய்விடுவது நல்லது. மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை உரிமை எப்படிக் கைமாறி வந்தது, நடுவில் ஏதாவது கண்ணி விட்டுப்போயிருக்கிறதா, பழைய அடமானம் எதுவும் ரத்து செய்யப்படாமல் பதிவில் நிற்கிறதா, எல்லா வாரிசுகளின் பெயரும் வந்திருக்கிறதா, அளவு காகிதத்திலும் தரையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். கடனை அடைத்துப் பல வருடம் ஆகியும் வங்கியின் ரத்துக் காகிதம் பதிவாகாமல் நிற்பது சாதாரணமாக நடக்கிற விஷயம், அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். வாங்குபவர் வந்து உட்கார்ந்த பிறகு இது தெரிந்தால் அவர் பயந்து எழுந்து போய்விடுவார். வரிக் கணக்குக்கும் இதே போலத்தான், விற்ற லாபத்துக்கு வரி வருமா, வீடு வாங்கிய செலவு, பிறகு கட்டிச் சேர்த்த செலவு இவற்றில் எதைக் கழிக்கலாம் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கணக்காளரிடம் கேளுங்கள். விற்ற பிறகு கேட்டால் அவர் செய்யக் கூடியது ரொம்பக் குறைவு.

பணம் முழுவதும் வங்கி வழியாக, வேறு பேச்சே இல்லை. அனுப்பிவிட்டேன் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். நம் கணக்கில் வந்து சேர்ந்ததை நாமே பார்த்த பிறகுதான் கையெழுத்தும் சாவியும்.

இந்த முறையில் விலை குறைந்துவிடாதா என்று ஒரு பயம் இருக்கும். தரகர் சங்கங்கள் வருடாவருடம் ஒரு கணக்கு சொல்லும், தானே விற்றவர்கள் வாங்கிய விலை குறைவு என்று. அந்தக் கணக்கில் தெரிந்தவருக்கும் சொந்தக்காரருக்கும் கொடுத்த வீடுகளும் சேர்ந்திருக்கின்றன, அதை வைத்து எல்லோருக்கும் பொருத்திப் பேச முடியாது. அமெரிக்காவில் 2024-இல் தேசிய தரகர் சங்கம் சொன்ன கணக்குப்படியே தரகர் இல்லாமல் விற்றவர்கள் 6 சதவீதம்தான், யார் அந்த 6 சதவீதம் என்று பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது நியாயம் இல்லை. இதைவிடக் கவனமாகச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹெண்டல், நெவோ, ஓர்தலோ-மாக்னே மூவரும் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உரிமையாளர்களே விற்கும் ஒரு தளத்தையும் தரகர்கள் வழி விற்பனையையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். கமிஷன் கழிக்கும் முன் விலையில் உரிமையாளர்கள் குறைவாகப் பெறவில்லை. அப்படியென்றால் கமிஷன் அப்படியே மிச்சம். ஆனால் விற்க அதிக நாள் ஆனது, விற்காமலேயே போகும் வாய்ப்பும் அதிகம். எங்கள் அனுபவமும் அச்சு அசல் இதுதான். விலை குறையவில்லை, பொறுமைதான் நிறையச் செலவானது. தரகர் வழியாகப் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று நிச்சயமாக நினைக்கிறேன்.

அதனால் யாருக்கு இது சரிவரும் என்றால், அவசரம் இல்லாதவர்களுக்கு, வீடு இருக்கும் ஊரிலேயே இருப்பவர்களுக்கு, காகிதம் சுத்தமாக இருப்பவர்களுக்கு, வேலை நேரத்திலும் போனை எடுக்க வீட்டில் ஒருவராவது இருப்பவர்களுக்கு. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு விற்கப் பார்ப்பவர்களுக்கு வேண்டாம். வாரிசுகளுக்குள் இன்னும் பேசி முடிக்காத வீடு என்றால் கண்டிப்பாக வேண்டாம், வாங்க வருகிறவர் முன்னால் குடும்பச் சண்டை வெளியே வந்துவிடும். வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு என்றால் அவரிடம் முதலில் பேசிவிட்டு அப்புறம் யோசியுங்கள், அவர் ஒத்துழைக்காத வீட்டை யாரும் நல்லபடியாகக் காட்ட முடியாது.

மார்க்கைப் பிரித்தே சொல்லிவிடுகிறேன். புகைப்படம், தரைப்படம், எண் மறைப்பு மூன்றுக்கும் முழு மார்க். விலைக் கருவிக்கு ஒன்று. பச்சை முத்திரைக்கும் ஒப்பந்த மாதிரிக்கும் பூஜ்யம். வாடிக்கையாளர் உதவி சுமார்.

கடைசியாக ஒரு புகார், அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. வீடு கைமாறிய பிறகும் எங்கள் விளம்பரத்தை அவர்கள் எடுக்கவில்லை, "விற்றது" என்று ஒரு பட்டை ஒட்டிவிட்டு உள்ளறைப் படங்கள் அத்தனையையும் அப்படியே விட்டுவைத்தார்கள், தங்கள் வெற்றிக் கணக்குக்காக. இப்போது அங்கே வேறொரு குடும்பம் தங்கியிருக்கிறது, அவர்கள் படுக்கையறை ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதை ஊரில் எல்லோரும் பார்க்கலாம். போனில் சொல்லிப் பயன் இல்லை, எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கியவர்களும் தனியாக எழுதிய பிறகுதான் நீக்கினார்கள். பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தில் இதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: விற்று முடிந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் படங்களும் தரைப்படமும் அவர்கள் தளத்திலிருந்தும், அவர்கள் அனுப்பிய மற்றத் தளங்களிலிருந்தும் நீக்கப்பட வேண்டும் என்று.